முதலில் அசைகிறவன் யார்?
சடுகுடுவின் தாக்குதல் உத்தி பற்றிச் சில குறிப்புகள்

1

சடுகுடு பற்றி நம்மிடம் இருக்கிற பேச்செல்லாம் வீரத்தைப் பற்றிய பேச்சுதான். மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பது, தொடை தட்டுவது, ஏழு பேர் நிற்கிற எல்லைக்குள் ஒற்றை ஆளாய் இறங்குவது - சினிமாவும் மேடைப்பேச்சும் இந்த மூன்று காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டி ஆட்டத்தை முடித்துவிடுகின்றன. 'தமிழனின் வீர விளையாட்டு' என்கிற இந்தச் சொல்லாடலில் உடம்பு உண்டு, மூளை கிடையாது. உடம்பால் உழைக்கிறவனுக்கு யோசனை கிடையாது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிற அதே கருத்துதான் இங்கே பாராட்டு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. ஆடுகிறவனைப் புகழ்வது போலத் தோன்றினாலும் அவனுடைய அறிவைப் பறித்துக்கொள்கிற புகழ்ச்சி இது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி வரைக்கும் கிடக்கிற வானம் பார்த்த பூமியில் ஆட்டத்தை வேறு மாதிரிப் பேசக் கேட்டிருக்கிறேன். இங்கே புரட்டாசியில் விதைப்பு. பருத்தி, மல்லி, மிளகாய் என்று மாசி பங்குனிக்குள் வேலை ஓய்ந்துவிடும். அதற்குப் பின் நிலம் சும்மா கிடக்கும். ஆளும் சும்மா கிடக்க முடியாமல் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கப் போவார்கள், அல்லது நூற்பாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போவார்கள். அந்த மாதங்களில்தான் பொங்கல் கொடைகளை ஒட்டி ராத்திரி ராத்திரியாகத் தொடர் போட்டிகள். வெடித்துக் கிடக்கிற கரிசலில் கால் வைத்து ஆட முடியாது. செம்மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணி தெளித்து, மிதித்து இறுக்கி, சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுப்பார்கள். நான் அந்த மாதிரிக் களங்களில் சில வருஷம் வலது கவர் நின்றவன். கீழே எழுதுவது அங்கே கற்றதிலிருந்துதான்.

கரிமூட்ட வேலைக்குப் போகிற ஒரு ரைடர் ஒருமுறை சொன்னது இந்தக் கட்டுரையின் சாரம்: "அண்ணே, நான் போயித் தொடணும்னு போறதில்ல. எவனாச்சும் ஒருத்தன் மொதல்ல அசையணும். அவன் அசைஞ்சுட்டா அவன் எனக்குச் சொல்லிட்டான்னு அர்த்தம்."

'சொல்லிட்டான்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எதிராளியின் உடம்பு இங்கே ஒரு பிரதி. அவனை வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டுமானால் முதலில் அவனை எழுத வைக்க வேண்டும்.

2

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஆக ஒவ்வொரு பாதியின் ஆழமும் 6.5 மீட்டர். இரண்டு ஓரத்திலும் 1 மீட்டர் அகலத்துக்கு லாபி. யாராவது யாரையாவது தொடும்வரைக்கும் லாபி செல்லாத நிலம். எனவே பாடிப் போகிறவனுக்குக் கிடைக்கிற அகலம் 8 மீட்டர்தான். அந்த 8 மீட்டருக்குள் ஏழு பேர் நிற்கிறார்கள்.

நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு இருக்கிறது. 'பாக் லைன்' என்பார்கள். யாரையும் தொடாமல் திரும்புகிறவன் அந்தக் கோட்டையாவது தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனே அவுட். இன்னும் 1 மீட்டர் உள்ளே போனால் போனஸ் கோடு. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்றியிருக்க, மறுகால் தரையில் படாமல் இருந்தால் ஒரு புள்ளி. அந்த இடத்தில் நிற்கிறவனுக்குப் பின்னால் வீட்டுக்குத் திரும்ப 4.75 மீட்டர் இருக்கிறது. முன்னால் 1.75 மீட்டர்தான் மிச்சம். ஆட்டத்தின் முழு நெருக்கடியும் இந்த எண்களில் இருக்கிறது. உள்ளே போனால்தான் பயன், போகப்போகத் திரும்பும் வழி நீள்கிறது.

பிடிக்காரர்கள் ஏழு பேரும் ஒரு வளைவாக நிற்பார்கள். இரண்டு முனையிலும் ஆழத்தில் கார்னர்கள், பக்கத்தில் இன்கள், அடுத்துக் கவர்கள், நடுவில் சென்டர். பெரும்பாலும் பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தக் கைகோர்ப்புக்குச் செயின் என்று பெயர். கார்னர் காலுக்குப் பாய்வான்: கரண்டைக்கால் பிடி, தொடைப்பிடி. கவர் திரும்பும் வழியை அடைப்பான்: உடம்பால் மறிக்கிற பிளாக், இடித்து வெளியே தள்ளுகிற டேஷ். ஆக இது இரண்டு வேலையுள்ள ஒரே இயந்திரம். ஒருவன் நிறுத்துகிறான், மற்றவன் வழியை அடைக்கிறான். நிறுத்துகிறவன் தாமதித்தால் அடைக்கிறவனுக்கு வேலையில்லை. நிறுத்துகிறவன் முந்திக்கொண்டால் தொடுபட்டுப் போகிறான்.

ஒன்றுக்கு ஏழு என்கிற விகிதம் ஒரு தோற்றம் மட்டுமே. ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒருவனைப் பிடிக்க முடியாது. ரைடர் இடது பக்கம் சாய்ந்து போனால் வலது கார்னர் அந்தக் கணத்துக்கு ஆட்டத்திலேயே இல்லை. அவன் வந்து சேர ஒரு நொடியாவது ஆகும். ஆக ரைடரின் முதல் வேலை ஏழைக் குறைப்பது. குறுக்காக ஓடி, வளைவை ஒரு பக்கம் இழுத்து, செயினில் எந்தக் கை இறுகுகிறது எந்தக் கை தளர்கிறது என்று பார்த்து, ஏழு பேரை இரண்டு பேராக்குகிறான். அதற்குப் பிறகு மிஞ்சுகிற இரண்டில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறான்.

3

கேள்வி என்ன? கார்னருக்கு நேராகப் போனஸ் கோட்டின்மேல் கால் நீட்டுவதுதான்.

கார்னருக்கு இப்போது இரண்டு பதில் உண்டு. நீட்டின காலைப் பிடிக்கப் பாயலாம். அல்லது பாயாமல் நிற்கலாம். நின்றால் கால் கோட்டைத் தாண்டுகிறது, போனஸ் புள்ளி போய்விடுகிறது. பாய்ந்தால், அந்தக் கால் உண்மையில் நீட்டப்பட்டதில்லை. எடை பின்காலில் இருக்கிறது. நீட்டின கால் மேலே எழும்புகிறது, கை கீழே வந்து பாய்ந்தவனின் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அவன் எதைச் செய்தாலும் தப்பு. அவன் திறமைக் குறைவால் தப்பு செய்யவில்லை. அவன் நிறுத்தப்பட்ட இடம் அப்படி.

இங்கேதான் வீரச் சொல்லாடல் உடைகிறது. ரைடர் கார்னரைவிட வேகமாகவோ பலமாகவோ இருக்க வேண்டியதில்லை. கார்னர் முடிவெடுத்த பிறகு தன் முடிவை எடுக்கக்கூடியவனாக இருந்தால் போதும். பின்னால் முடிவெடுக்கிறவனுக்குத்தான் சாதகம். வேகம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் தாமதித்துத் தீர்மானிக்கிற பொறுமை.

இதற்கு நல்ல பிடிக்காரர்களிடம் பதில் இல்லாமலில்லை. கார்னர் பொய்யாகப் பாய்வான்: தோளை மட்டும் முன்னால் விட்டு, இடுப்பைப் பின்னாலேயே வைத்திருப்பான். அதனால்தான் அனுபவப்பட்ட ரைடர்கள் கையையோ முகத்தையோ பார்ப்பதில்லை. "மூஞ்சி பொய் சொல்லும்ணே, இடுப்பு பொய் சொல்லாது" என்பார்கள். பதிலுக்கு ரைடரும் தன் இடுப்பை மறைக்கக் கற்கிறான். நடுக்கோட்டில் நிற்கும்போதே எந்தப் பக்கம் போவான் என்று காட்டிவிடாமல் நேராக நடுவில் வந்து கடைசி நேரத்தில் பிரிகிறவன்தான் பயங்கரமான ஆள். ஆட்டம் இப்படியாக இரண்டு வாசகர்களுக்கு இடையேயான போட்டியாகிறது. யார் மற்றவனை முதலில் எழுத வைக்கிறார்கள் என்பதே கேள்வி.

4

இதே தர்க்கம் உலகத்தின் வேறொரு மூலையில், வேறொரு பெயரில், விரிவான கோட்பாடாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படுகிற அவர்களுடைய கால்பந்து காலால் ஆடப்படுவதில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். இரு பக்கமும் 11 பேர். பந்தை வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவன் குவார்ட்டர்பேக். பந்தோடு தரையில் ஓடுகிறவன் ரன்னிங் பேக். மற்றவர்கள் எதிராளியை முட்டி நிறுத்தி வழி உண்டாக்க வேண்டும்.

பழைய முறையில் ஒரு கணக்குப் பிரச்சினை இருந்தது. பந்தை எடுத்து ஓடுகிறவனும், அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிற குவார்ட்டர்பேக்கும் யாரையும் முட்டுவதில்லை. மிச்சம் 9 பேர் 11 பேரைச் சமாளிக்க வேண்டும். எனவே பெரிய உடம்புகளை வைத்திருக்கிற பெரிய பல்கலைக்கழகங்களே ஜெயித்தன.

'ஸ்பிரெட்', அதாவது பரப்பி ஆடுவது, இதற்கு வந்த ஒரு பதில். ஆட்களை மைதானத்தின் இரண்டு ஓரத்துக்கும் விலக்கி நிறுத்துவது. மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். ஓரத்தில் நிற்கிறவனுக்குப் பந்தை எறிந்துவிடக்கூடும் என்பதால் எதிரணியும் ஆளை அங்கே அனுப்பியாக வேண்டும். நடுவில் கூட்டம் கலைகிறது. நம் ரைடர் குறுக்கே ஓடி வளைவை இழுக்கிற அதே வேலை. பிறகு அந்தக் கலைந்த நடுவில் ஓடுவது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். எதிரணி வரிசையின் கடைசியில் நிற்கிற ஒருவனை வேண்டுமென்றே முட்டாமல் விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவனை மட்டும் பார்க்கிறான். அவன் ரன்னிங் பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால், பந்தைத் தானே உருவிக்கொண்டு அவன் விட்டுப்போன காலி இடத்தில் ஓடுகிறான். அவன் பாயாமல் நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போகிறது. தொடாமல் விடப்பட்டவன் வாசிப்பின் மூலமே செயலிழக்கிறான். முட்டுவதற்கு ஓர் ஆளைச் செலவழிக்காமலேயே ஒரு எதிராளி கழிக்கப்படுகிறான். போனஸ் கோட்டின்மேல் நீட்டிய காலும் வயிற்றருகே நீட்டிய பந்தும் ஒரே கேள்விதான்.

இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ரிச் ராட்ரிகஸ். 1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் அவர் பயிற்சியாளர். பெரிய உடம்புகள் வராத இடத்தில் உடம்புக்குப் பதிலாக இடத்தை ஆயுதமாக்கும் யோசனை வந்தது தற்செயல் அல்ல.

பிறகு 2005இல் நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் 'பிஸ்டல்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பரப்பி ஆடும்போது ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கின் பக்கவாட்டில் நிற்பது வழக்கம். எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதே ஓட்டத்தின் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆல்ட் குவார்ட்டர்பேக்கைப் பந்துக்குச் சுமார் 4 கஜம் பின்னால் நிறுத்தி, ரன்னிங் பேக்கை அவனுக்கு நேர் பின்னால் இன்னும் 3 கஜம் தள்ளி நிறுத்தினார். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் இப்போது அவன் இடது வலது இரண்டுக்கும் சமதூரம். நேராக வேகம் எடுத்து வரவும் முடியும். எதிராளிக்கு வாசிக்க எதுவும் கிடைப்பதில்லை. நடுவில் நேராக வந்து கடைசியில் பிரிகிற நம்மூர் ரைடரைப் போல.

பெயர்களெல்லாம் துப்பாக்கிப் பெயர்களாக இருப்பதைக் குறித்துக்கொள்ளலாம். அங்கேயும் அறிவைச் சொல்லவேண்டிய இடத்தில் ஆயுதம்தான் பேசுகிறது.

5

ஓர் உத்தியைப் புரிந்துகொள்வது வேறு, அந்த உத்தி எந்த விதிக்குள் சாத்தியமாகிறது என்று கேட்பது வேறு. நம்மிடையே இரண்டாவது கேள்வி குறைவு.

ஊர்ச் சடுகுடுவில் எல்லை என்பது மூச்சு. பாட்டு நிற்கும்வரை நீ எதிர் மண்ணில் இருக்கலாம். அது அவரவர் நெஞ்சுக்கூட்டின் அளவு. பிடிக்காரர்களும் அதைக் காதால் வாசித்தார்கள். குரல் மெலிகிறதா, சொல் சிதைகிறதா, இனி இவன் திரும்பியாக வேண்டுமா என்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகாராஷ்டிரத்தில் விதிகள் எழுதப்படத் தொடங்கின. சஞ்சீவனி, காமினி, அமர் என்று வழங்கிவந்த பல வகைகளில், எதிராளி ஒருவன் அவுட்டானால் நம் ஆள் ஒருவன் உயிர் பெற்று வருகிற சஞ்சீவனி வகையே தேசிய ஆட்டத்துக்கு அடிப்படையாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட பாட்டுகள் போய் 'கபடி' என்ற ஒரே சொல் நின்றது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம். 2014இல் புரோ கபடி லீக். இப்போது ஒரு ரைடுக்கு 30 நொடி. கடிகாரம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஓடுகிறது. வாயில் பாட்டு இன்னமும் இருக்கிறது, ஆனால் எல்லையைத் தீர்மானிப்பது மூச்சு அல்ல.

ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில், வேலையின் இயல்பிலிருந்து பிறந்த காலம் போய்க் கடிகாரத்தின் காலம் தொழிலாளியின்மேல் எப்படிச் சுமத்தப்பட்டது என்று விளக்கினார். மழையைப் பார்த்து விதைத்த குடும்பத்துப் பையன் ஆலைச் சங்குக்கு எழுந்து ஓடுவதைப் பார்க்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்திலும் அது நடந்திருக்கிறது. நான் பழமைக்கு ஏங்கவில்லை. மூச்சு விட்டானா இல்லையா என்று ஊர்ப் பெரிய மனுஷன் சொன்னதே தீர்ப்பாக இருந்த ஆட்டத்தில் கீழ்த்தெருப் பையனுக்கு எத்தனை நியாயம் கிடைத்திருக்கும்? கடிகாரத்துக்குத் தெரு தெரியாது. அது ஒரு விடுதலை, அதே நேரத்தில் ஒரு பறிப்பு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விதி: மூன்றாவது ரைடு. ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியில்லாமல் திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் போனவன் அவுட். 'டூ ஆர் டை' என்பார்கள். தொலைக்காட்சிக்கு விறுவிறுப்பு தேவை என்பது வெளிப்படை. ஆனால் உத்தியின் தளத்தில் இது செய்வது என்ன? வெறுங்கையோடு திரும்புவது ரைடரின் உரிமையாக இருந்தது. அப்படித் திரும்பும்போது அவன் எதுவும் கொண்டுவராமல் இல்லை. எவன் பதறுகிறான், எந்தக் கை தளர்கிறது என்ற செய்தியைக் கொண்டுவருகிறான். இப்போது விதி வந்து, 'பார்த்தது போதும், முடிவெடு' என்கிறது. மூன்றாவது ரைடில் முதலில் அசைந்தே ஆக வேண்டியவன் ரைடர். வாசகன் இப்போது வாசிக்கப்படுகிறான். பிடிக்காரர்கள் சும்மா நின்றாலே போதும்.

எதிர்த் திசையிலும் ஒரு விதி உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. குறைந்துபோனவர்களுக்கு விதி தருகிற ஈடு. இரண்டு பேர் மட்டும் நிற்கிற அணி, வேண்டுமென்றே ரைடரை ஆழத்துக்கு வரவிட்டுப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பலவீனத்தையே தூண்டிலாக்குவது. விதி என்பது தடை மட்டுமல்ல, புதிய தந்திரங்களை உற்பத்தி செய்கிற இடமும்கூட என்பதற்கு இது போதும்.

6

இனி இந்த மண்ணில் வைத்துத்தான் கேட்க முடிகிற கேள்வி. தொடுகை.

சாதியச் சமூகத்தில் தொடுகைக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. 'தொடக்கூடாதவன்' தொட்டால் குற்றவாளி அவன்தான், வெளியேற்றப்படுவதும் அவன்தான். சடுகுடு இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்குகிறது. தொடுகிறவன் புள்ளி பெறுகிறான், தொடப்பட்டவன் வெளியேறுகிறான். நான் மேலே சொன்ன லாபியை நினைத்துப் பாருங்கள். தொடுகை நிகழ்ந்த கணத்தில் 8 மீட்டர் களம் 10 மீட்டராகிறது. தொட்டால் நிலம் விரிகிறது! வேறெங்கே நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது?

ஆனால் இதை வைத்து 'விளையாட்டு சாதியைக் கரைக்கும்' என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. நானறிந்த களங்களில் அணியின் பெயர் என்பது பல நேரம் தெருவின் பெயர்தான். சுவரொட்டியில் பரிசு வழங்குவோர் வரிசையைப் படித்தால் யார் யாரோடு ஆடுவார்கள், யாரைக் கூப்பிடவே மாட்டார்கள் என்று தெரிந்துவிடும். 1957இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் முதுகுளத்தூர்க் கலவரமும் இங்கிருந்து தூரத்தில் நடந்தவையல்ல. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்காக விருதுநகர் மாவட்டம் பற்றியெரிந்தது. ஒரு பெயர் பஸ்ஸில் இருந்தால் அந்த பஸ்ஸில் ஏறமாட்டேன் என்ற மனம், அந்தப் பெயரைத் தாங்கிய உடம்பு தன்னைத் தொடுவதை 30 நொடிக்கு எப்படிச் சகிக்கிறது? சகிப்பது கோட்டுக்கு உள்ளேதான். கோடு தருவது ஒரு தற்காலிக அனுமதிச் சீட்டு. ஆட்டம் முடிந்து டீக்கடைக்கு வரும்போது சீட்டு காலாவதி.

2009இல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு' இந்த விளிம்பைத் தொட்டது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த 'பைசன்', களத்துக்குப் போய்ச்சேரும் வழியே எத்தனை பேருடைய பிடி என்று காட்டியது. களத்தில் ஏழு பேர்தான். களத்துக்கு வெளியே எண்ணிக்கை கிடையாது.

'வீரம்' மறைக்கிற இன்னொரு தரப்பு பெண்கள். அவர்களுடைய களம் 12க்கு 8 மீட்டர். பாக் லைன் 3 மீட்டரில். உத்தி அதேதான், வாசிப்பும் அதேதான். 2010இல் குவாங்சோவில்தான் ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கு இருபது வருஷம் பின்னால். சென்னையின் குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண், 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு இடத்தின் அருமை தெரியும். இடத்தை வைத்து ஆடுகிற ஆட்டம் அங்கே வேர்பிடித்திருப்பதில் வியப்பில்லை.

7

கோடு யார் கையில் இருக்கிறது? 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப்போட்டி இந்தக் கேள்வியை உலகத்தின் முன் நிறுத்தியது. இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய ஒன்றிரண்டு நிமிஷமே மிச்சம். பவன் செஹ்ராவத் பாடிப் போய், யாரையும் தொடாமலேயே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான் பிடிக்காரர்கள் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் வந்தார்கள். ஒரு விதிப்படி ரைடர் மட்டும் அவுட். இன்னொரு விதிப்படி பின்னால் வந்தவர்களும் அவுட். எந்த விதி செல்லும் என்று நடுவர்களுக்கே உடன்பாடில்லை. தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இரு அணியும் மாறி மாறித் தரையில் உட்கார்ந்தன. இறுதியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம். 1 மீட்டர் அகலமுள்ள அந்த ஓர நிலத்தில் உடம்புகள் செய்ததற்கு உடம்புகள் அர்த்தம் சொல்லவில்லை. மேசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். விளிம்புதான் எப்போதும் விதி தடுமாறுகிற இடம்.

அமெரிக்கக் கதையின் மிச்சமும் இங்கே வருகிறது. ஆல்டின் பிஸ்டல் அமைப்பில் 2007 முதல் 2010 வரை நெவாடாவுக்கு ஆடிய குவார்ட்டர்பேக்கின் பெயர் காலின் கேப்பர்னிக். எதிராளி அசையும்வரை பொறுத்து, அவன் விட்டுப்போன இடத்தில் ஓடுவதில் தேர்ந்த கறுப்பின ஆட்டக்காரர். பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போனார். 2016இல், கறுப்பின மக்கள்மீதான போலீஸ் வன்முறைக்கும் இனப் பாகுபாட்டுக்கும் எதிர்ப்பாக, ஆட்டத்துக்கு முன் தேசியகீதம் பாடும்போது முழந்தாளிட்டார். அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பந்தை வைத்து எதிராளியை வாசித்தவரைக்கும் கைதட்டல். ஒரு முழங்காலை வைத்துத் தேசத்தையே 'நீ என்ன செய்யப்போகிறாய்' என்று கேட்டபோது வெளியேற்றம். ஆனால் அந்தக் கேள்வியின் அமைப்பைப் பாருங்கள். அவரைத் தண்டித்தால் எதிர்ப்பின் காரணம் ஊரறிய வெளிப்படும். விட்டுவிட்டால் எதிர்ப்பு பரவும். மைதானத்தில் கற்ற அதே உத்தி. எதைச் செய்தாலும் அதிகாரம் தன் இடுப்பைக் காட்டிவிடும்.

இயக்கங்களில் இருக்கிற நண்பர்களுக்கு இது உடனடியாக உவமையாகத் தோன்றும். உவமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் நடுவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அரசியலில் எதிரணியில் நிற்கிறவனிடமே விசிலும் இருக்கிறது, சுண்ணாம்புப் பொடியும் இருக்கிறது. நாம் கால் நீட்டும்போது அவன் போனஸ் கோட்டை நகர்த்திவைக்க முடியும்.

இருந்தாலும் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று: பெரிய ஆளை முட்டித்தான் தீர வேண்டும் என்பதில்லை. அவனை முட்டாமல் விட்டு, அவன் எதைச் செய்தாலும் அம்பலப்படுகிற இடத்தில் நிறுத்த முடியும். அதற்கு ஆள்பலத்தைவிட, அவன் அசைவதற்குமுன் அசையாத நிதானம் வேண்டும். இரண்டு: வெறுங்கையோடு திரும்பி வருவதை நாம் தோல்வி என்று எழுதிவிடுகிறோம். ஒரு போராட்டம் கோரிக்கை நிறைவேறாமல் முடிந்தால் அதைப் பற்றிய பேச்சே நின்றுபோகிறது. போனவர்கள் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள், எந்தக் கை தளர்ந்திருந்தது, எவன் பதறினான் என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. ஒவ்வொரு முறையும் அதுவே மூன்றாவது ரைடு என்று பதறிக்கொண்டு போகிறோம். அந்த விதியை நமக்கு விதித்தது யார் என்று கேட்பதில்லை.

திருச்சுழிப் பக்கத்துப் பையன்கள் திரும்பி வந்ததும் முதலில் சொல்வது புள்ளியை அல்ல. "லெப்ட் கார்னர் முந்துறான்டா, அடுத்து நீ போ" என்பதுதான்.